இரவல் போகாத நாற்பத்தொன்று

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வெளியே தூறல், குடையை விரிப்பதா வேண்டாமா என்று ஆட்களை யோசிக்கவைக்கும் அளவுக்கான தூறல். பொது நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஒலிப்பிரிவின் மேசைமேல், கழிப்புப் பட்டியல் வந்து கிடந்தது. பதினேழு தாள்கள், அறுநூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள். ஒவ்வொரு தட்டின் பெயருக்கும் எதிரே ‘காரணம்’ என்றொரு கட்டம். கடைசித் தாளின் அடியில், பிரிவின் பொறுப்பாளர் கையெழுத்திட ஒரு கோடு. வெள்ளிக்கிழமை நண்பகலில் லாரி வரும். கையெழுத்தான தட்டுகள் பிளாஸ்டிக் அரைக்கும் ஆலைக்குப் போகும்.

அந்தப் பொறுப்பாளரை நூலகத்தில் எல்லோரும் ஊசி என்றுதான் குறிப்பிட்டார்கள். இசைத்தட்டு இயந்திரத்தின் ஊசியை நாள் தவறாமல் மாற்றுகிறவள் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். அவளிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்து, சிவப்பு மையில் திருத்தப்பட்டுத் திரும்ப வாங்கியவர்களுக்கு வேறு காரணமும் தெரியும். இலக்கணம் முறையாகப் படித்தவள். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் அவளுடைய பணிப்பதிவேட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஓய்வுபெறப் பதினோரு மாதம் இருந்தது. அந்தப் பதிவேட்டைப் பற்றி அவள் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை; எல்லோருக்கும் தெரிந்ததை எதற்காகச் சொல்ல வேண்டும்?

பென்சிலோடு உட்கார்ந்தாள். அணிவகுப்பு இசை, உடற்பயிற்சிக்கான இசை, தூக்கம் வருவதற்கான கடலலை ஓசை. பத்து ஆண்டுகளாக ஒருவரும் வீட்டுக்கு எடுத்துப் போகாதவை. கடலலைத் தட்டை ஒருமுறை சரிபார்க்கக் கேட்டபோது அவளுக்கே தூக்கம் கலைந்திருந்தது. போகட்டும் என்று குறியிட்டாள். அவள் எதையும் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை. பதினான்காம் தாளுக்கு வந்தபோதுதான் பென்சில் நின்றது.

அங்கிருந்து நாற்பத்தொரு தட்டுகள், வரிசையாக, ஒன்றுகூட விடாமல், ராப் ஆல்பங்கள். நூலகத்தில் இருந்த இருநூற்றுச் சொச்சம் ராப் தட்டுகளில் எவை மிகச் சிறந்தவை என்று யாராவது அவளைக் கேட்டிருந்தால், இதே நாற்பத்தொன்றைத்தான், ஏறக்குறைய இதே வரிசையில், சொல்லியிருப்பாள். பட்டியலைப் போட்ட கணினிக்கு அவ்வளவு ரசனை கிடையாது. அவளுக்குக் காரணம் உடனே புரிந்தது. புரிந்ததும் காது மடல் சுட்டது.

பத்தொன்பதரை ஆண்டுகளுக்கு முன், மூடப்பட்ட ஒரு வானொலி நிலையத்திலிருந்து அந்தத் தட்டுகள் பெட்டி பெட்டியாக வந்தன. ஒவ்வொன்றையும் இருபக்கமும் முழுதாகக் கேட்டுக் கீறலையும் தாவலையும் குறித்து வைப்பது பொறுப்பாளரின் வேலை. முதல் நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இது பாட்டா, பஸ் நிறுத்தத்துச் சண்டையா என்று அடுத்த மேசையில் கேட்டாள். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகக் காதில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்ளாத குறையாகக் கேட்டாள். குறை தேடிக் கேட்பவளுக்கு எதுவும் தப்பாது. நான்காம் நாள், ஒரு வரியின் எதுகை நடுவில் உடைந்து, மூச்சு விடும் இடத்தைத் தாண்டி, அடுத்த வரியின் பாதியில் போய்ச் சேர்வதைக் கவனித்தாள். ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தாள். தாளில் அசை பிரித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. கல்லூரியில் இரண்டு ஆண்டு யாப்பு நடத்தியவர்கள் ஒருவரும் காட்டாததை, யாரோ ஒரு லாரி ஓட்டுநர் வண்டிக்குள் உட்கார்ந்து, திரும்பும் விளக்கின், அதாவது இண்டிகேட்டரின், டிக் டிக்கையே தாளமாக வைத்துக்கொண்டு காட்டியிருந்தார். அன்று அவள் அரை மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனாள்.

ஆறு மாதம் கழித்து, இரவல் போன ஒரு தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த அடையாளத்தோடு திரும்பி வந்தது. அன்று மாலையே அவள் சிவப்பு ஒட்டுத்தாளை விரல் அகலத்துக்கு வெட்டி, மிகச் சிறந்த நாற்பத்தொரு உறைகளின் மூலையில் ஒட்டினாள்; கணினியிலும் ‘இங்கேயே கேட்க’ என்று பதிந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நல்லது செய்ய அனுமதி எதற்கு என்று அந்த வயதில் தோன்றியது. அதன் பிறகு அந்தத் தட்டுகளை நூலகத்தின் ஹெட்போன் மேசையில் கேட்கலாம்; வெளியே கொண்டுபோக முடியாது. வெளியே போகாதது இரவல் கணக்கில் வராது. கணக்கில் வராதது பத்து ஆண்டில் கழிப்பில் விழும்.

இதைவிட ஒரு சங்கடம் பாக்கி இருந்தது. கழிப்பு விதிகளை எட்டு ஆண்டுக்கு முன் எழுதிக் கொடுத்தவள் அவளேதான். அவள் எழுதினால் ஓட்டை இருக்காது என்று குழு அவளிடம் தள்ளியது. இப்போது அந்தப் பன்னிரண்டு விதிகளையும் எடுத்து ஓட்டை தேடினாள். இல்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

இருப்பு அதிகாரியின் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. இருப்பு அதிகாரி ஊசிக்கு அண்ணி, அதாவது கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. அலுவலகத்தில் இருவரும் ஒருவரையொருவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். உறவு வாசற்படிக்கு வெளியே செருப்போடு கிடக்கும். அண்ணி பட்டியலை வாங்கிப் பார்த்தாள். ஆணை போட்டுத் தடுத்து வைத்த தட்டுகளுக்கு விலக்கு உண்டு, ஆணை எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். ஆணை இல்லை என்றாள் ஊசி. அப்படியானால் தடுத்தது யார் என்று கேட்டாள் அண்ணி. ஊசி திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அண்ணி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நீயா?”

“நான்தான் அண்ணி.”

“எத்தனை வருஷமா?”

“பத்தொன்பது.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கெட்டவள் அல்ல. ஒழுங்குக்காரி, வீட்டில் கரண்டிகளைக்கூட அளவு வாரியாக மாட்டுகிறவள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போடு, வெள்ளிக்கிழமை லாரி வரும், போகும். பதினோராவது விதியைப் பத்தி மட்டும் யோசிச்சுடாதே.”

ஊசி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். ஓர் அலுவலரின் சொந்தத் தவறால் ஒரு பொருள் பொதுமக்களுக்குக் கிட்டாமல் போயிருந்தால், அவர் அதைத் தம் கையெழுத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது பத்தாண்டுக் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அந்த ஒப்புதல் அவருடைய பணிப்பதிவேட்டில் சேர்க்கப்படும். அதன் முழு வடிவமும் நூலகத்தின் தலைவாசலில் முப்பது நாள் ஒட்டப்படும். எட்டு ஆண்டில் ஒருவரும் அந்த விதியைத் தொட்டதில்லை. முகம் தெரியாத யாரோ ஒரு சோம்பேறியை மனத்தில் வைத்துக்கொண்டு, அவன் நாண வேண்டும் என்றே எழுதினாள். அவளுக்குக் கிடைத்த ஒரே கதவு அதுதான். குனியாமல் யாரும் நுழைய முடியாத உயரத்தில் அவளே கட்டிய கதவு.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினாள்.

மாடியில் மழைக்காரர் காத்திருந்தார். உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது அவர் தொழில். மழை வந்தால் தொங்க முடியாது. மழை வந்தால் நூலகத்துக்கு வருவார். பதினைந்து ஆண்டுகளாக வருகிறார். கேட்பதெல்லாம் சிவப்புப் பட்டைத் தட்டுகள். வழக்கம்போல் முதலில் ‘மூன்று உருளை’ கேட்டார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்த மூன்று பெண்கள் போட்ட ஆல்பம் அது. முந்நூறு பிரதிதான் அச்சானது. அதில் முக்கால்வாசி கிடங்கில் தண்ணீர் புகுந்து நாசமானது.

தட்டை எடுத்துக் கொடுக்கும்போது, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இது இங்கே இருக்காமல் போகலாம் என்று ஊசி சொன்னாள். அவர் உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏழு வருஷம் முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை கேட்டேன் மேடம். ஒரே ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டுக் காலையில தர்றேன்னு. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. சிவப்புப் பட்டை, விதி அனுமதிக்காது என்று சொல்லியிருந்தாள். அவர் ‘சரிங்க’ என்று போய்விட்டார்.

“இதுல ரெண்டாவதா வர்ற குரல் எங்க அக்காங்க. அவகிட்ட ஒரு தட்டும் இல்ல, எல்லாம் தண்ணியில போச்சு. மூட்டு தேய்ஞ்சு போச்சு அவளுக்கு, இந்த ரெண்டு மாடி ஏற முடியாது. நான் வந்து கேட்டுட்டுப் போய்ச் சொல்லுவேன், இன்னைக்கு நீ நல்லாப் பாடினேன்னு. சிரிப்பா.”

“அன்னைக்கே ஏன் சொல்லலை?”

“விதின்னு சொன்னீங்களே மேடம். விதிகிட்டப் போய் அக்கா கதையெல்லாம் சொல்ல முடியுமா?”

குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை. அதனாலேயே ஊசிக்கு நன்றாகக் குத்தியது. விதி என்று எதுவும் இருக்கவில்லை. விரல் அகலச் சிவப்பு ஒட்டுத்தாள்தான் இருந்தது. ஏழு ஆண்டு அவர் மரியாதை கொடுத்தது அதற்கு. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அவர் காதிலிருந்து கசிந்த தாளத்தைக் கொண்டே எந்த இடம் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. துணி சுழற்றும் இயந்திரத்தின் உறுமல். அதன்மேல் அக்காவின் குரல்:

வெள்ளையா வேணும்னு கேட்டீங்க, வெளுத்தோம்;
கறை யாரோடதுன்னு கேக்கல, மழுப்பினோம்;
இப்பக் கேக்குறோம்.

அந்த ‘இப்பக் கேக்குறோம்’ வருமிடத்தில் இயந்திரம் நின்றுவிடும். தாளமே இல்லாமல் மூவரும் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போவார்கள், ஓர் அசை பிசகாமல்.

புதன்கிழமை மாலை, வாரந்தோறும் போல, அவள் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டில் அண்ணனுடன் சாப்பாடு. லிஃப்ட் பழுதுபார்ப்பவர் அண்ணன். ஆபீஸ் பேச்சு சாப்பாட்டு மேசைக்கு வரக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம்; அதைக் கொண்டுவந்தவள் அண்ணி, அன்று மீறியவளும் அவளே. முப்பது நாள் வாசலில் ஒட்டுவார்கள், போகிற வருகிறவன் எல்லாம் நின்று படிப்பான், பிரிவு உபசாரத்தில் உன் பதிவேட்டை வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசிப்பார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியில், யாரும் கேட்காத தட்டுக்காக எதற்குத் தலையைக் கொடுக்கிறாய் என்று கேட்டாள்.

“யாரும் கேக்கலைன்னு சொல்லாதீங்க அண்ணி. கேக்க விடலை. விடாதவ நான்.”

“நீ எழுதிக் கொடுத்தா நான் பதிவேட்டுல ஏத்தியாகணும். நாத்தனார்னு பாக்க முடியாது.”

“பாத்தீங்கன்னா அதையும் ஒரு விதியில எழுதி வாசல்ல ஒட்டிடுவேன்.”

இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், இரண்டு மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றால் கதவைத் திறக்கக் கூடாது, கம்பெனிக்குத்தான் போன் செய்ய வேண்டும் என்றார். அண்ணி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள்.

வியாழக்கிழமை முழுவதும் ஊசி இரண்டு வேலை செய்தாள். முதல் வேலை பட்டையை உரிப்பது. பத்தொன்பது ஆண்டுப் பசை, எளிதில் விடவில்லை. வெதுவெதுப்பான துணியை ஒற்றி, நகத்தால் மூலையைக் கிளப்பி, உறையின் அச்சு கிழியாமல் ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுத்த இடத்தில் ஒரு வெளிறிய செவ்வகம் மிஞ்சியது. அதை மறைக்க எதுவும் ஒட்டவில்லை.

இரண்டாவது வேலை ‘காரணம்’ கட்டம். ஐந்நூற்று எழுபத்தொரு தட்டுகளுக்கு, ‘பத்தாண்டுகளாக இரவல் போகவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு முடித்தாள். நாற்பத்தொன்றுக்குத் தனித் தாள் போட்டாள். அவற்றை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கட்டத்துக்குள் அடங்கும்படி எழுத வேண்டும். அடைமொழிகளை அவள் நம்புவதில்லை. கேட்டதை எழுதினாள்.

லாரி ஓட்டுநரின் ஆல்பத்துக்கு: ‘திரும்பும் விளக்கின் ஒலி முதல் பக்கம் முழுவதும் தாளம். கடைசிப் பாட்டில் விளக்கை அணைத்துவிடுகிறார். வண்டி எங்கே திரும்பியது என்பதைக் கேட்பவரே முடிவு செய்ய வேண்டும்.’

அண்ணன் தம்பி இருவரின் ஆல்பத்துக்கு: ‘முதல் பக்கம் முடியும்போது சண்டை போட்டுப் பிரிகிறார்கள். இரண்டாம் பக்கத்தில் தம்பி மட்டும். அண்ணன் சொல்ல வேண்டிய எட்டு வரிகளுக்கு உரிய இடம் ஒவ்வொரு பாட்டிலும் வெறும் தாளமாக விடப்பட்டுள்ளது. அது தட்டின் பழுது அன்று.’

ஒரு சுருக்கெழுத்துக்காரியின் ஆல்பத்துக்கு: ‘உறை சாம்பல் நிறம், வரிவிதிப்புக் கையேடு போன்ற தோற்றம். ஒருவரும் எடுத்துப் பார்க்காததற்கு வேறு காரணம் இல்லை. நீதிமன்றத்தில் பிறர் பேச்சை இருபது ஆண்டு எழுதிக்கொண்டிருந்தவர், இதில் தம் பேச்சைப் பேசுகிறார். வேகம் கருதி இருமுறை கேட்கவும்.’

இன்னொன்றுக்கு: ‘இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டின் நடுவில் ஓர் இருமல். நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. அந்த இருமலும் தாளத்தில் விழுகிறது.’

‘மூன்று உருளை’க்கு வந்தபோது வெகு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: ‘மூவரில் ஒருவரிடமும் இதன் பிரதி இல்லாமல் இருக்கலாம். ஒருவரிடம் இல்லை என்பது உறுதி. இரவல் கேட்கப்பட்டது, என்னால் மறுக்கப்பட்டது.’

நாற்பத்தொன்றும் எழுதி முடிய மாலை ஐந்தரை. ஒருமுறை படித்து, இரண்டு ஒற்றும் ஒரு காற்புள்ளியும் திருத்தினாள்.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எதிரிலிருந்த பத்துமாடிக் கட்டடத்தில், ஏழாம் மாடி உயரத்தில், மழைக்காரர் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைத்தார். பதினொன்றரைக்கு லாரி வந்து பின்வாசலில் நின்றது. ஐந்நூற்று எழுபத்தொரு தட்டுகளும் பெட்டிகளில் இறங்கின. மிச்சம் எங்கே என்று ஏற்றுகிறவர் கேட்டார். மிச்சம் இல்லை என்று சொல்லிவிட்டு, ஊசி ஒப்புதல் தாளையும் காரணத் தாள்களையும் எடுத்துக்கொண்டு இருப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை; சாத்த எழுந்த அண்ணியையும் தடுத்தாள்.

“திறந்தே இருக்கட்டும் மேடம்.”

அண்ணி தாள்களைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை. கையெழுத்து இன்னும் போடவில்லையே, இப்போதுகூடக் கிழித்துப் போடலாம் என்றாள். ஊசி நின்றபடியே முதல் தாளை வாசித்தாள். நடைபாதையில் போன இரண்டு எழுத்தர்கள் நின்றார்கள். நிற்கட்டும் என்று அவள் குரலைத் தணிக்கவில்லை.

“இந்நாற்பத்தொரு தட்டுகளும் எவ்வித ஆணையுமின்றி என்னால் பத்தொன்பது ஆண்டுகள் இரவலுக்கு மறுக்கப்பட்டன. கொடுக்க மறுக்கப்பட்டதைப் போகவில்லை என்று கூறிக் கழிக்க இயலாது. தவறு தட்டுகளுடையதன்று, என்னுடையது. தடை இன்றுடன் நீக்கப்படுகிறது. பத்தாண்டுக் கணக்கு இன்று தொடங்கும். பட்டியலும் காரணங்களும் இத்துடன் உள்ளன; அவை இவ்வொப்புதலின் பகுதிகள்.”

அண்ணி கடைசி வாக்கியத்தில் நிமிர்ந்தாள். ஒப்புதலின் முழு வடிவமும் தலைவாசலில் ஒட்டப்பட வேண்டும் என்பது விதி. முழு வடிவம் என்றால் ஐந்து தாள். ஒரு தாளில் தவறு. நான்கு தாளில், நூலகத்துக்குள் நுழைகிற ஒவ்வொருவர் கண்ணிலும் படும்படி, கேள்விப்படாத நாற்பத்தொரு ஆல்பங்கள், ஒவ்வொன்றையும் எங்கே காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்ற குறிப்போடு.

“முப்பது நாளும் உன் தப்பைப் படிப்பாங்க,” என்றாள் அண்ணி. மேடம் போய் ‘நீ’ வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

“படிக்கட்டும். படிச்சவங்க கீழயும் படிக்காமலா போவாங்க?”

“இதுக்குத்தானா அந்த விதியை அப்படி எழுதினே?”

“இல்ல. எழுதும்போது வேற யாரோ மாட்டுவாங்கன்னு நினைச்சேன்.”

அண்ணியின் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். தன் பேனாவை மாடியில் இரவல் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டு வந்திருந்தாள். திறந்திருந்த பக்கத்தில், முதல் வரியில், ‘மூன்று உருளை’ என்று எழுதி, வாங்குபவர் பெயருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். சாயங்காலம் கயிற்றிலிருந்து இறங்கியதும் நேரே வரச் சொல்லி மழைக்காரரிடம் ஆள் அனுப்பியாயிற்று. அக்காவின் பெயரை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து தாளிலும் கையெழுத்திட்டாள். தேதி போட்டாள். மை உலரும்வரை பொறுத்தாள். பிறகு தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி, நிமிர்ந்து நின்று, அண்ணியின் கையில் கொடுத்தாள்.